மினாக்ஸிடில்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

என் வகிடு அகன்றுகொண்டே போவதைக் கண்ணாடி எனக்குச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் எடுத்த ஒரு புகைப்படம்தான் சொல்லியது. நெற்றியோர முடி அப்படியே இருக்க, உச்சியில் மட்டும் தோல் தெரிந்தது. பெண்களுக்கு மரபுவழியாக வரும் முடி மெலிவு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும் என்பதும், நெற்றியின் இரு ஓரங்களும் மேலேறி உச்சியில் வட்டமாக வழுக்கை விழுந்த என் அண்ணனுக்கு நேர்ந்தது அதன் ஆண் வடிவம் என்பதும் பின்னர்தான் எனக்குப் புரிந்தது.

தோல் மருத்துவர் எடுத்தவுடன் மருந்து எழுதவில்லை. கடந்த சில மாதங்களில் கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, வேகமான எடைக்குறைவு ஏதேனும் உண்டா என்று கேட்டார். அப்படி ஏதேனும் நேர்ந்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிற முடி, காரணம் நீங்கியதும் பெரும்பாலும் தானே முளைத்துவிடும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வதும் இயல்புதான். என் சிக்கல் கொட்டுவதைவிட மெலிவதில் இருந்தது: வகிட்டோரத்தில் தடித்த முடியும் நூலிழை போன்ற முடியும் கலந்து நிற்பதை உருப்பெருக்கி வழியே அவர் காட்டினார். திட்டுத் திட்டாக உதிரும் புழுவெட்டோ, சிவந்து வலித்துத் தழும்பாகும் உதிர்வோ இருந்திருந்தால் வழியே வேறு. பின்னதில் காலம் கடத்தினால் மயிர்க்கால்கள் மீளாமல் அழிந்துவிடும்.

இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் தைராய்டையும் சோதிக்கச் சொன்னார். இங்கே ஒரு தவறு செய்தேன். யாரோ சொன்னார்கள் என்று பயோட்டின் என்ற பி வைட்டமின் மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை. தைராய்டு மிகையாகச் சுரப்பதுபோல முடிவு வந்தது. அதிக அளவு பயோட்டின் சில இரத்தச் சோதனைகளைத் திசைதிருப்பிவிடும் என்று அறிந்து, அதை நிறுத்திவிட்டு மீண்டும் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பயோட்டின் குறைபாடே இல்லாத எனக்கு அதனால் கிடைத்த பயன் அந்தப் பதற்றம் மட்டுமே.

பிறகுதான் மினாக்ஸிடில். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்து, சாப்பிட்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கவனித்ததால் தலைக்கு வந்த மருந்து இது. முதலில் 2 சதவீதக் கரைசல், காலையும் இரவும் 1 மில்லி. சொட்டுக்குழாயால் வகிடு பிரித்துப் பிரித்து, முடியில் அல்லாமல் தோலில் படும்படி விட வேண்டும். என் அனுபவத்தில் பாதிக்குப் பாதி நெற்றியில்தான் வழிந்தது. மூன்றாம் வாரத்தில் முன்பைவிட அதிகமாகக் கொட்டத் தொடங்கியதும் தூக்கிப் போட்டுவிடலாமா என்று தோன்றியது. ஓய்வுநிலை முடிகளை வெளியே தள்ளிவிட்டுப் புதியவை வளரத் தொடங்கும் கட்டம் அது என்று முன்கூட்டியே எச்சரிக்கப்படாதிருந்தால் நிச்சயமாக நிறுத்தியிருப்பேன். ஆறாவது வாரத்துக்குப் பின் அது தணிந்தது.

அரிப்பு தணியவில்லை. கரைசலில் மருந்தைக் கரைத்து வைக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லி, அது இல்லாத 5 சதவீத நுரைக்கு மாற்றினார்கள். நாளுக்கு ஒரு வேளை போதும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவிக் கைகளைக் கழுவிவிடுவேன். தலையணையில் ஒட்டி முகத்தில் படாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. அப்படியும் கன்னத்தோரம் பூனைமுடி சற்று அடர்ந்தது. (பூனை என்றதும் சொல்லியே ஆக வேண்டும்: இந்த மருந்து பூனைகளுக்குக் கொடிய நஞ்சு, தடவிய தலையை அவை நக்க விடக்கூடாது.)

மாதத்தின் முதல் நாளில், ஒரே சன்னல் வெளிச்சத்தில், ஒரே வகிட்டில் படம் எடுத்து வைத்தேன். நான்காம் மாதம் வரை எந்த வேறுபாடும் இல்லை. ஏழாம் மாதத்தில் வகிட்டோரத்தில் விரற்கடை நீளத்தில் குத்திட்டு நின்ற குறுமுடிகள் தெரிந்தன. ஓராண்டு முடிவில் வகிடு பாதியளவு குறுகியிருந்தது. பள்ளிப்பருவத்து அடர்த்தி திரும்பவில்லை.

அண்ணன் மினாக்ஸிடிலுடன் ஃபினாஸ்டரைடும் எடுக்கிறார். மயிர்க்காலைச் சுருக்கும் டிஎச்டி ஹார்மோன் உருவாவதைக் குறைக்கும் மாத்திரை அது. சிலருக்குப் பாலுணர்வு குறையலாம் என்பதைத் தொடங்கும்முன்பே அவருக்கு விளக்கினார்கள். கருவுற்றவர்களும் கருவுறக்கூடியவர்களும் அதை உட்கொள்ளக்கூடாது; வயிற்றில் வளரும் ஆண் குழந்தையைப் பாதிக்கும் என்பதால் உடைந்த மாத்திரையைக் கருவுற்றவர்கள் கையால் தொடவும் கூடாது. கருத்தரிக்கத் திட்டமிட்டால் மினாக்ஸிடிலையும் நிறுத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாம் ஆண்டில், நன்றாகத்தானே இருக்கிறது என்ற நினைப்பில் நான்கு மாதங்கள் விட்டுவிட்டேன். வளர்ந்தது உதிர்ந்து, படங்களில் வகிடு பழைய அகலத்துக்கே வந்தது. மீண்டும் தொடங்கி, இழந்ததைப் பெற ஏறத்தாழ ஓராண்டு ஆனது. இப்போது நுரைப் புட்டி பல் துலக்கியின் பக்கத்தில் இருக்கிறது.