பலேனோ ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் கிளட்ச் பில் கட்டும் முன் இதைப் படியுங்கள்

என் வண்டியில் இல்லாத ஒரு பாகத்தை மாற்றியதாகச் சொல்லி 18,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நன்றாக இருந்த கியர்பாக்ஸையும் கெடுத்து அனுப்பினார்கள்.

வண்டி 2018 மாடல் பலேனோ பெட்ரோல், ஆட்டோமேட்டிக். பெரியம்மா மகனிடம் வாங்கியது. போன மாதம் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் லேசாக உதற ஆரம்பித்தது. ஈரோட்டில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஏஜிஎஸ் வண்டில இது சகஜம்ங்க சார், கிளட்ச் பிளேட் தேஞ்சு போச்சு" என்றார்கள். ஏஜிஎஸ் என்பது மாருதியின் ஒரு வகை ஆட்டோமேட்டிக். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் பெடல் இல்லாவிட்டாலும் உள்ளே பிளேட் இருக்கும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். சரி என்றேன்.

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். மாருதி சுஸுகியில் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் பல வகை கியர்பாக்ஸ் ஓடுகின்றன. 2014இல் செலேரியோவில் வந்த ஏஜிஎஸ், சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் காலுக்கும் கைக்கும் பதில் ஒரு ஹைட்ராலிக் கருவி செய்கிறது. அதில் பிளேட் உண்டு, தேயவும் செய்யும். வேகன் ஆர், ஸ்விஃப்ட், டிசையர் எல்லாம் இந்த வகையிலும் வந்தன. எர்டிகா, பெட்ரோல் பிரெஸ்ஸாவில் டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் ஆயில் வழியாக இன்ஜின் விசையைக் கடத்தும் கருவி. முன்பு 4 கியர், 2022 முதல் 6 கியர். கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் இ-சிவிடி என்று இன்னொன்று.

பலேனோதான் சிக்கல். 2015இல் வந்ததிலிருந்து 2022 தொடக்கம் வரை அதன் ஆட்டோமேட்டிக் சிவிடி. புது பலேனோவில் ஏஜிஎஸ். பெயர் ஒன்று, கியர்பாக்ஸ் வேறு. சிவிடியில் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட் ஓடுகிறது. இன்ஜினோடு அதை இணைப்பது டார்க் கன்வெர்ட்டர். மேனுவல் வண்டியில் போடுகிற கிளட்ச் பிளேட்டுக்கு அதில் இடமே கிடையாது.

வண்டியை எடுத்த மூன்றாம் நாள் சத்தியமங்கலம் போகும் வழியில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. பின்சீட்டில் அம்மாவும் குழந்தையும். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மெதுவாக ஓட்டி கோபியில் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. கதவைத் திறந்து கியர் லீவரைப் பார்த்தார்.

"பி இருக்குதே கண்ணு. இதுல ஏது கிளட்ச் பிளேட்டு?"

ஏஜிஎஸ் லீவரில் ஆர், என், டி, எம் மட்டும்தான், பார்க்கிங்குக்கான பி இருக்காது. இதை உங்கள் வண்டியில் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஆயிலை இறக்கினார். தட்டில் விழுந்தது செக்கச்செவேல் என்று இருந்தது. ஒர்க்ஷாப்பில் ஊற்றியது ஏடிஎஃப், சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில். விரலில் தொட்டு வெயிலில் காட்டினார், சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று இரும்புத் தூள். சிவிடிக்கென்று தனி ஆயில் உண்டு. பெல்ட்டும் புல்லியும் வழுக்காமல் ஒன்றையொன்று பிடிப்பது அந்த ஆயிலை நம்பித்தான். வேறு ஆயில் ஊற்றினால் பெல்ட் சறுக்கிப் புல்லியை அராவிவிடும். முதலில் இருந்த உதறலுக்குக் காரணம் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்துபோனதுதான். அதை யாரும் தொட்டிருக்கவே இல்லை.

பில்லோடு திரும்பிப் போய், கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டேன். உள்ளே போய் எந்த வண்டியினுடையதோ ஒரு பிளேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். லீவரில் இருந்த பி எழுத்தைக் காட்டிக் கேட்டதும், பில்லில் டைப்பிங் மிஸ்டேக் என்றார்கள். பணம் வரவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியை விடுவதாக இருந்தால், வேலை நடக்கும்போதே பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன ஆயில் ஊற்றுகிறார்கள் என்று டப்பாவைக் கையில் வாங்கிப் படியுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். பில்லும் அந்தப் பிளேட்டும் பத்திரமாக இருக்கின்றன. சரியான ஆயிலை இரண்டு முறை மாற்றி ஊற்றியாகிவிட்டது. ஆனாலும் 60ஐத் தாண்டினால் கியர்பாக்ஸிலிருந்து ஒரு ஊளைச் சத்தம் கேட்கிறது. அது அடங்கவில்லை என்றால் முழு கியர்பாக்ஸையும் இறக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார் பெரியவர்.