ஜப்பானில் குடும்பத்தோடு: ரயில் பாஸா, தனி டிக்கெட்டா? ஹோட்டலா, அடுக்ககமா?

ஜப்பான் பயணம் என்று முடிவானதும் பலர் முதலில் தேடுவது ஜப்பான் ரயில்வேயின் (ஜே.ஆர்.) ரயில்களில் நாடு முழுக்க ஏழு நாள் விருப்பம்போல் போய்வர உதவும் ஜே.ஆர். ரயில் பாஸைத்தான். யோசிக்காமல் அதை வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியதோடு அந்தக் காலம் முடிந்தது.

பெற்றோர் இருவர், எட்டு வயதில் ஒரு பிள்ளை, நான்கு வயதில் இன்னொரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். மூத்த பிள்ளைக்கு அரை டிக்கெட். இளைய பிள்ளைக்குத் தனி இருக்கை கேட்காதவரை டிக்கெட்டே வேண்டாம். அந்த 50,000 யென் கணக்கில் குடும்பத்துக்கு 1,25,000 யென். டோக்கியோ-கியோட்டோ போய்வர தனி டிக்கெட் ஆளுக்குச் சுமார் 28,000, குடும்பத்துக்கு 70,000. ஹிரோஷிமாவரை போய்த் திரும்பினாலும் தனி டிக்கெட்டே மலிவு. அதோடு, மிக வேகமான நொசோமி ரயிலில் ஏற பாஸ்காரர்கள் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே, டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் மட்டும் போகிறவர்களுக்கு இந்தப் பாஸ் வேண்டவே வேண்டாம் என்பேன்.

ஷின்கான்சென் எனும் அதிவேக ரயிலில் சாதாரண வகுப்பில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கைகள். முன் வரிசையும் உங்களுடையதாக இருந்தால், இருக்கையின் அடியில் உள்ள மிதியை அழுத்தி அதை அப்படியே திருப்பிவிடலாம். குடும்பம் எதிரெதிரே உட்கார்ந்துகொள்ளும். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் போகும்போது வலப்பக்கம் 'E' இருக்கை கிடைத்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஃபூஜி மலை தெரியும். பயணப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், அதை வைக்கும் இடத்தோடு கூடிய இருக்கையை முன்பதிவு செய்தாக வேண்டும். அதைவிட நல்ல வழி, பெட்டிகளை முன்கூட்டியே கூரியரில் அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிவிடுவது. தூங்கும் பிள்ளையைத் தோளில் சுமந்தபடி, ரயில் நிற்கும் ஓரிரு நிமிடத்தில் இரண்டு பெட்டிகளையும் இறக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூரியர் செலவு பெரிதாகத் தெரியாது.

தங்குமிடத்துக்கு வருவோம். நிலையத்தை ஒட்டியிருக்கும் பிஸினஸ் ஹோட்டல்கள் சுத்தமானவை, நம்பகமானவை. ஆனால் அறை பெரும்பாலும் 12 முதல் 15 சதுர மீட்டர்தான். ஒரு பெட்டியைத் திறந்தால் குளியலறைக்குப் போக வழி இருக்காது. பிள்ளைகள் பெற்றோர் கட்டிலிலேயே படுத்தால் பல இடங்களில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் 140 சென்டிமீட்டர் கட்டிலில் மூன்று பேர் படுத்து யாருக்கும் தூக்கம் வராது. நால்வருக்கு இரண்டு அறை எடுத்தால் மலிவு என்ற பேச்சே போய்விடும்.

ரியோகான் எனும் பாரம்பரிய விடுதியில் தத்தாமி பாய் விரித்த ஒரே அறையில் நால்வரும் மெத்தை போட்டுப் படுக்கலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் இரவு, காலை உணவோடு சேர்த்து ஆள்கணக்கில்தான் கட்டணம். ஒரே ஓர் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று இரவுக்கு மேல் ஓரிடத்தில் தங்குகிறவர்களுக்கு என் ஓட்டு அடுக்கக ஹோட்டலுக்கே. சமையல் மேடையும் துணி துவைக்கும் இயந்திரமும் இருப்பதால் நான்கு நாள் உடுப்போடு பத்து நாளை ஓட்டிவிடலாம். தனியார் வீடுகளில் தங்க நினைத்தால் பதிவு எண்ணைப் பாருங்கள். 2018 ஜூனில் வந்த சட்டப்படி அந்தப் பதிவு கட்டாயம்.

ரயிலையும் அறையையும் தனித்தனியே பார்க்காமல் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒசாகாவில் ஐந்து இரவு ஓர் அடுக்ககத்தில் தங்கி, ஐந்து நாள் கன்சாய்-ஹிரோஷிமா வட்டாரப் பாஸை (கன்சாய் என்பது ஒசாகா, கியோட்டோ அடங்கிய வட்டாரம்) வாங்கினால், ஹிரோஷிமா போய்வரும் செலவிலேயே பாஸ் விலை வசூலாகிவிடும். மியாஜிமா தீவுக்குப் போகும் ஜே.ஆர். படகும் அதில் அடங்கும். விரைவு ரயிலில் கியோட்டோ அரை மணி நேரம்தான், ஹிமேஜி கோட்டை ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரவில் அதே அறைக்குத் திரும்பிவிடலாம், பெட்டியைத் தொடவே வேண்டாம். அறையைப் பதிவு செய்யும் முன், நிலையத்தில் லிஃப்ட் இருக்கும் வாயில் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.