ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் சாஃப்ட் ரிலீஸ்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

சாஃப்ட் ரிலீஸ் என்பது ஷட்டர் பட்டனின் துளையில் தண்டைத் திருகி மாட்டும் சிறு வட்டு. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் (இரு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் வகை) இதை மாட்டினால் ஷட்டர் பட்டன் இலகுவாகிவிடும் என்று நினைத்து வாங்குபவர்கள் அதிகம். அப்படி ஆகாது. கேமராவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் நெம்புகோலும் அப்படியேதான் இருக்கின்றன. முன்பு எவ்வளவு அழுத்த வேண்டியிருந்ததோ இப்போதும் அவ்வளவுதான். மாறுவது விரல் உட்காரும் இடம். அந்த ஒரு மாற்றத்தால் 1/30, 1/15 நொடிப் படங்களில் கிடைக்கும் பலன் பெரியது. அதற்கு ஈடாகப் பையில் வைக்கும்போது ஒரு தொல்லையும் கூடவே வரும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு மாட்டுவது நல்லது.

1954-இல் வந்த எம்3-இலிருந்தே லைக்கா எம் வகை ஃபிலிம் கேமராக்களில் ஷட்டர் பட்டனைச் சுற்றி ஓர் உலோக வளையம் இருக்கிறது. பட்டன் அதன் நடுவே அடங்கி நிற்கும். அதனால் விரல் நுனியைச் செங்குத்தாக நிறுத்தி உள்ளே குத்த வேண்டியிருக்கிறது. அப்படிக் குத்தும்போது கேமராவின் வலது தோள் சற்றுத் தாழும். பட்டன் வலது ஓரத்தில் இருப்பதால் கேமரா லென்ஸ் அச்சைச் சுற்றிக் கொஞ்சம் சுழலவும் செய்யும். சாஃப்ட் ரிலீஸ் போட்டால் அழுத்தும் பரப்பு வளையத்துக்கு மேலே வந்துவிடும். ஆள்காட்டி விரலை மடக்காமல் தட்டையாகப் படுக்கவைத்து, முதல் கணுவின் அடிப்பகுதியை மெல்ல உருட்டினால் போதும். விரல் நுனி கேமராவின் மேல்தகட்டில் ஊன்றி நிற்க, கணு மட்டும் இறங்கும். கட்டைவிரல் பின்னாலிருந்து தாங்கும். சாஃப்ட் ரிலீஸ் மாட்டியும் நுனியால்தான் குத்துவேன் என்றால் அதனால் ஒரு பயனும் இல்லை.

பலன் கிடைக்கிறதா என்பதை நெகட்டிவிலேயே பார்க்கலாம். 1/15-இல் எடுத்த ஃபிரேமை லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் இரட்டைக் கோடாகவும் இருந்தால் கேமரா சுழன்றிருக்கிறது. விரல் குத்தியதன் அடையாளம் அது. மொத்தப் படமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கையின் ஆட்டம், மூச்சின் ஆட்டம். அதைச் சாஃப்ட் ரிலீஸ் சரிசெய்யாது.

ஃபிலிம் விற்கும் விலையில் சோதனைக்காக ஒரு ரோலை வீணாக்க மனம் வராது. டைல்ஸ் பதிப்பவர்கள் வைத்திருக்கும் கோடு போடும் லேசர் மட்டம் சிறியதாக ஒன்று கிடைத்தால், ஃபிலிம் இல்லாத கேமராவின் அடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். 4, 5 மீட்டர் தள்ளியிருக்கும் வெறும் சுவரில் கோடு விழட்டும். செல்போனின் ஸ்லோ மோஷனில் அந்தக் கோட்டைப் படம்பிடித்தபடி ஷட்டரை அழுத்துங்கள். சாதாரண புள்ளி லேசர் இதற்குப் போதாது. மேலும் கீழும், இடமும் வலமும் நகர்வதைத்தான் புள்ளி காட்டும்; சுழற்சியைக் காட்டாது. கோடு சாய்ந்தால் சுழற்சி உடனே தெரிந்துவிடும். நுனி விரலால் பத்து முறை, கணுவால் பத்து முறை, சாஃப்ட் ரிலீஸோடு பத்து முறை அழுத்திப் பார்த்தால் உங்கள் கைக்கு எது ஒத்துவருகிறது என்று புரிந்துவிடும். வீட்டு ஆட்கள் குறுக்கே வராத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். லேசர் கண்ணில் படக் கூடாது.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. லைக்காவே 8 மி.மீ., 12 மி.மீ. என இரண்டு அளவுகளில் விற்றிருக்கிறது. கனடாவில் இருந்த டாம் ஆப்ரகாம்சன், ஃபிலிமை வேகமாக நகர்த்த கேமராவின் அடியில் மாட்டும் தன் ரேபிட்வைண்டரோடு சேர்த்துச் செய்து தந்த பெரிய, சிறிய பட்டன்களை எம் பயனர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். மலிவுப் பட்டன்கள் 10, 11 மி.மீ. அளவில் ஏராளம். கணுவால் அழுத்துபவருக்கு மேடான முகப்பு ஏற்றது. குழிந்த முகப்பு விரல் நுனியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதால் பழைய பழக்கம்தான் திரும்ப வரும். 15, 16 மி.மீ. வட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் ஓரத்தில் அழுத்தினால் தண்டு சாய்ந்து பட்டன் பக்கச்சுவரில் உரசும். அழுத்தம் கரகரவென்று உணரப்பட்டால் காரணம் பெரும்பாலும் அதுதான். ஷட்டர் வேகத் திருகைத் தேடும் விரலுக்கும் அது இடைஞ்சல்.

விட்டத்தை விட முக்கியம் தண்டின் நீளமும் மரையும். பட்டனில் இருக்கும் துளை, கேமராவைத் தொடாமல் தூரத்திலிருந்து ஷட்டரை இயக்கும் கம்பியான கேபிள் ரிலீஸுக்கானது. அதன் மரை மேலே அகன்று கீழே குறுகும் கூம்பு மரை. மலிவுப் பட்டன்களில் பலவற்றின் தண்டு ஒரே தடிமன் கொண்ட நேர் மரை. அது ஓரிரு சுற்று மட்டுமே கவ்வும். அதனால்தான் தானாகக் கழன்று தொலைந்துபோகிறது. தண்டு அளவுக்கு மீறி நீண்டிருந்தால் வேறு சிக்கல். கேபிள் ரிலீஸின் ஊசி எந்தப் பாகத்தைத் தள்ளுமோ அதையே தண்டின் முனையும் தள்ளிவிடும். திருகும்போதே ஷட்டர் விழும், அதாவது திறந்து மூடிவிடும். இல்லையென்றால் பட்டன் எப்போதும் பாதி அழுத்திய நிலையிலேயே நிற்கும்.

ஆகவே முதல் முறை மாட்டும்போது ஃபிலிம் இல்லாமல் மாட்டுங்கள். ஷட்டரை வைண்ட் செய்துவிட்டு (நெம்புகோலைத் தள்ளி அடுத்த படத்துக்குத் தயாராக்கிவிட்டு), சாஃப்ட் ரிலீஸை விரல் நுனியால் மெதுவாகத் திருகுங்கள். இறுகும் முன்பே ஷட்டர் விழுந்தால் அந்தத் தண்டு உங்கள் கேமராவுக்கு நீளம். விழவில்லை என்றால் அடுத்து இடைவெளியைப் பாருங்கள். ஷட்டரை விழவைத்து, பட்டனை அழுத்தியபடியே வட்டின் அடிப்பக்கத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை நுழையுங்கள். தாராளமாக நுழைய வேண்டும். மாட்டிக்கொண்டால், பட்டன் முழுதாக இறங்கும் முன் வட்டு வளையத்தில் முட்டப்போகிறது என்று பொருள். அந்த நிலையில் சில நேரம் ஷட்டர் விழும், சில நேரம் விழாது; கேமராதான் பழுது என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோவார்கள்.

இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஏறத்தாழ 1 மி.மீ. தடிமன் உள்ள சிறிய ரப்பர் ஓ-ரிங். தண்டில் கோத்துத் திருகினால் வட்டு உயரும், தண்டு உள்ளே போவது குறையும், ரப்பரின் பிடிப்பால் கழல்வதும் குறையும். ஓ-ரிங் போட்டபின் மரை ஒரு சுற்றாவது கவ்வுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேர் மரைத் தண்டுக்கு, குழாய் வேலைக்குப் பயன்படும் டெஃப்லான் டேப்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் நன்றாகப் பிடிக்கும். ஃபெவிக்விக் போன்ற பசைகள் வேண்டவே வேண்டாம். துளை வழியாக உள்ளே வழிந்தால் பட்டனே ஒட்டிக்கொள்ளும். குறடு வைத்து இறுக்குவதும் கூடாது. அப்படி இறுக்கினால் கெடுவது கேமரா பட்டனின் மரை. சாஃப்ட் ரிலீஸை வேறு வாங்கலாம், எம்3-இன் பட்டனை எங்கே போய்த் தேடுவது? கடலோர ஊர்களில் அலுமினியத் தண்டைவிடப் பித்தளைத் தண்டு நல்லது. உப்புக் காற்றில் இரு வேறு உலோகங்கள் ஒட்டியிருந்தால் அரிப்பு ஏறி இறுகிக்கொள்ளும். எந்த உலோகமாக இருந்தாலும் மாதம் ஒரு முறை கழற்றித் துடைத்து மாட்டுவது பாதுகாப்பு.

பைத் தொல்லைக்கு வருவோம். லைக்கா எம்3, எம்2, எம்4, எம்6 எதிலும் ஷட்டர் பட்டனுக்குப் பூட்டு கிடையாது. வளையத்துக்கு மேல் எழும்பி நிற்கும் வட்டைப் பையின் மூடியே அழுத்திவிடும். ஒரு ஃபிரேம் போனால் அது அதோடு போயிற்று. எம்6-இல் பேட்டரியும் போகும்; பட்டன் பாதி அழுந்தினாலே லைட் மீட்டர் எரியத் தொடங்கும். இதற்குச் செலவில்லாத வழி உண்டு. எடுத்தவுடன் வைண்ட் செய்யாதீர்கள். அடுத்த படத்துக்குக் கேமராவைத் தூக்கும்போது வைண்ட் செய்யுங்கள். வைண்ட் செய்யாத ஷட்டர் விழாது. எம்6-இன் மீட்டரும் வைண்ட் செய்திருந்தால்தான் வேலை செய்யும். தெருவில் வேகமாகப் படம் எடுப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். அவர்கள் 8 மி.மீ. வட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். எம்7-இல் பட்டனைச் சுற்றி ஆன்-ஆஃப் வளையம் இருப்பதால் அணைத்துவிட்டுப் பையில் போடலாம். ஆனால் எம்7-இன் பட்டனுக்கு மூன்று நிலைகள்: மீட்டர், அளவீட்டுப் பூட்டு, ஷட்டர். விரல் தட்டையாகக் கிடக்கும்போது இரண்டாவதும் மூன்றாவதும் கலந்துபோகும். பழகச் சில ரோல்கள் ஆகும்.

மற்ற கேமராக்களில் நிலைமை வேறு வேறு. கேனோனெட் கியூஎல்17 ஜி-3-இல் பட்டனின் ஓட்டம் நீளமானது, சற்றுக் கனமானதும்கூட. அங்கே சாஃப்ட் ரிலீஸ் நன்றாகவே உதவும். தானியங்கி முறையில் வெளிச்சம் எல்லைக்கு வெளியே இருந்தால் அதன் ஷட்டர் பூட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அகன்ற வட்டின் மேல் கணுவை வைத்து ஓங்கி அமுக்கினால் உள்ளே இருக்கும் மீட்டர் முள்ளைப் பிடிக்கும் பாகங்கள் வளையக்கூடும். யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என்-இல் பட்டனைச் சுற்றிய பூட்டு வளையத்தை வட்டு மறைக்காத அளவில் சிறியதாக வாங்குங்கள். மினோல்டா சிஎல்இ-யின் மீட்டர், விரல் பட்டனைத் தொட்டவுடன் விழித்துக்கொள்ளும் மின்தொடு வகை. மர வட்டு, பெயின்ட் அடித்த வட்டு, அனோடைஸ் செய்த அலுமினிய வட்டு எதுவும் மின்சாரம் கடத்தாது. பூச்சில்லாத பித்தளைதான் அதற்கு.

பழைய திருகு லென்ஸ் லைக்காக்களிலும் நிக்கான் எஸ் வகை ரேஞ்ச்ஃபைண்டர்களிலும் பட்டனுக்குள் துளையே இல்லை. மரை பட்டனைச் சுற்றி வெளிப்பக்கத்தில், கேமரா உடலோடு நிலையாக இருக்கிறது. எம் வகைச் சாஃப்ட் ரிலீஸ் அங்கே திருக இடமில்லை. மணி போல் கவிழ்ந்து, நடுவில் நகரும் ஊசி கொண்ட தனி வகை வேண்டும். ஆர்டர் போடும் முன் கேமராப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

பகல் வெயிலில் 1/250-க்கு மேலேயே எடுப்பவருக்கு இது தேவையில்லை. கோயில் பிராகாரம், மாலை நேரத் தேநீர்க் கடை, ரயில் பெட்டிக்குள் என்று ஐஎஸ்ஓ 400 ஃபிலிமோடு அலைபவர் மாட்டிப் பார்க்கட்டும். பல்ப் எக்ஸ்போஷருக்கு (பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருப்பது) கேபிள் ரிலீஸ் போட வேண்டி வந்தால் முதலில் இதைக் கழற்றியாக வேண்டும். கழற்றியதைச் சட்டைப் பையில் போடாமல், காலியான ஃபிலிம் டப்பாவில் ஓ-ரிங்கோடு சேர்த்துப் போட்டு மூடிவையுங்கள்.