ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஃபில்டர் கிட்: வாங்கலாம், ஆனால்...

ஃபில்டர், கேஸ்கட் (ஆயில் கசியாமல் தடுக்கும் தட்டையான அடைப்பு), ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மூன்றும் சேர்ந்து வரும் இந்த கிட்டை வாங்கி வீட்டிலேயே மாற்றினேன். கேஸ்கட் அருமை, போல்ட் துளை ஒவ்வொன்றும் பிசகாமல் பொருந்தியது. பழைய ஓ-ரிங் சில சமயம் மேலே கியர்பாக்ஸிலேயே ஒட்டிக்கொள்ளும், அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

ஆயில் பானில் (கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு) இருக்கும் காந்தத்தைத் துடைத்தபோது விரலில் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒட்டியது. அது சாதாரணத் தேய்மானம்தான். உலோகச் சில்லு கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆயில் தனியாக வாங்க வேண்டும், கையேட்டில் சொன்ன ரகத்தையே வாங்குங்கள். அப்புறம், ஆயில் பானைக் கழற்றினாலும் ஆயில் முழுக்க வடியாது; டார்க் கன்வெர்ட்டரில் (எஞ்சின் சக்தியை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) நிறையத் தங்கிவிடும். எனக்கு ஒரே குறை, போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று பெட்டிக்குள் ஒரு தாள்கூட இல்லை.