"மணல் தின்றுவிட்டது" என்று சொல்லி பம்பின் இம்பெல்லரை (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரத்தை) மாற்றச் சொன்னால் உடனே பணம் கொடுத்துவிடாதீர்கள்

சென்ற கோடையில் எங்கள் கிணற்றுக்கு 5 எச்.பி. மோனோபிளாக் பம்பு வாங்கினோம். பம்பின் வாய் 3 அங்குலமாக இருந்தும், செலவு மிச்சமாகும் என்று சொல்லி, தண்ணீரை உறிஞ்சும் பழைய இரண்டரை அங்குல சக்ஷன் பைப்பையே ரெடியூசர் என்ற அளவு குறைக்கும் இணைப்பு வைத்து மாட்டிக் கொடுத்தார் விற்றவர்.

ஒரே வாரத்தில் உள்ளே கூழாங்கல்லைப் போட்டு அரைப்பதுபோல் பம்பு இரையத் தொடங்கியது, தண்ணீரும் குறைந்தது. கிணற்றில் மணல் ஏறுகிறது என்று அவர் சொன்னதை நம்பி, ஐந்து மாதங்களுக்குள் இரண்டு இம்பெல்லர்களுக்கு முழு விலை கொடுத்தோம். முதலில் கழற்றியதை அவரே எடுத்துச் சென்றுவிட்டார். இரண்டாவதை நான் விடாமல் வாங்கி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். தண்ணீர் நுழையும் பக்கத்தில் மட்டும் இறக்கைகள் கறையான் அரித்த பலகைபோல் குழிகுழியாக இருந்தன; விரல் வைத்தால் சுரசுரத்தது. மணல் தேய்த்திருந்தால் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், வெளிவிளிம்பும் மெலிந்திருக்கும், இது கேவிடேஷன், அதாவது நீராவிக் குமிழ்கள் உடைந்து உலோகத்தை அரிப்பது என்றார்.

கடல் மட்டத்தில்கூடக் காற்றழுத்தம் தாங்குவது சுமார் 10.3 மீட்டர் நீர்உயரத்தைத்தான். பைப்பின் உராய்வு முதலியவை போக, நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டருக்கு மேல் இத்தகைய பம்பு சரியாக உறிஞ்சாது. எங்கள் நீர்மட்டமோ பம்புக்கு ஆறரை மீட்டர் கீழே இருந்தது. அதே அளவு தண்ணீர் 3 அங்குலத்துக்குப் பதில் இரண்டரை அங்குலப் பைப்பில் ஓடினால் உராய்வு இழப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். இவை சேர்ந்து இம்பெல்லர் வாயில் அழுத்தம் மிகவும் தாழும்போது தண்ணீர் சூடேறாமலே கொதித்துக் குமிழ்களாகிறது. சற்றுத் தள்ளி அழுத்தம் ஏறியவுடன் அக்குமிழ்கள் நொடியில் சிதைந்து இரும்பைக் குத்துகின்றன.

பம்பைக் கீழ்த்திட்டில் இறக்கி, 3 அங்குலப் பைப்பு போட்டு, அந்தப் பைப்பின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வைச் சுத்தம் செய்த பிறகு இரைச்சல் அடங்கியது. விற்றவர் இன்றுவரை ஒரு ரூபாயும் திருப்பித் தரவில்லை. பைப்பின் அளவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

உங்கள் பம்பும் இப்படி இரைந்தால், தண்ணீர் வெளியேறும் பக்கத்து டெலிவரி வால்வைச் சிறிது சிறிதாக மூடிப் பாருங்கள்; சத்தம் குறைந்தால் முதலில் சக்ஷன் பக்கத்தைச் சோதியுங்கள். கழற்றிய இம்பெல்லரை மட்டும் யாரிடமும் விட்டுவிடாதீர்கள்.