பேக்கப் எடுத்துத் தருகிறோம் என்று ₹1,86,440 வாங்கிய கதை: குமரி மாவட்டத்தில் தொழில் நடத்துகிறவர்கள் கவனத்துக்கு

₹1,86,440. ஜிஎஸ்டியோடு சேர்த்து செக் போட்டுக் கொடுத்த தொகை இது. அதற்கு இன்றைக்கு எங்கள் கையில் மிஞ்சியிருப்பது ஒரு கறுப்புப் பெட்டியும், "பேக்கப் சக்சஸ்ஃபுல்" என்று தினமும் வந்து குவிந்த மெயில்களும்தான். ஃபைல்கள் இல்லை.

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். வகையை மட்டும் சொல்கிறேன். கம்ப்யூட்டர், பிரின்டர், சிசிடிவி என்று விற்றுக்கொண்டிருந்துவிட்டு, கொஞ்ச காலமாக "என்டர்பிரைஸ் டேட்டா மேனேஜ்மென்ட்" என்றும் போர்டில் ஒரு வரி சேர்த்துக்கொண்ட கடை. உரிமையாளர் நன்றாகப் பேசுவார். மிக நன்றாகப் பேசுவார்.

எங்களுடையது மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் நடுவே ஒரு அண்டி ஆபீஸ். மாமா நடத்துகிறார், ஆபீஸ் வேலை என் பொறுப்பு. முந்திரி உடைக்கிற இடத்தில் அப்படி என்ன பெரிய டேட்டா என்று நினைக்க வேண்டாம். கொட்டை வாங்கிய பில்கள், தூத்துக்குடி வழியாகப் போன கன்டெய்னர்களின் ஷிப்பிங் பேப்பர்கள், ஒவ்வொரு லாட்டுக்கும் லேப் ரிப்போர்ட், கொட்டை உடைக்கிற, தோல் உரிக்கிற, தரம் பிரிக்கிற பெண்களின் சம்பளப் பதிவு, பிஎஃப் விவரம், அவர்களுடைய ஆதார் நகல், பாஸ்புக் நகல் எல்லாம் ஆபீஸ் மூலையில் இருக்கும் ஒரே சர்வரில்தான் இருந்தன.

2017 நவம்பர் கடைசியில் ஓக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டம் கரண்ட் இல்லாமல் கிடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அப்போது எங்கள் பழைய ரெஜிஸ்டர்கள் பாதி நனைந்து ஊறிப்போயின. அதிலிருந்தே மாமாவுக்கு ஒரு வெப்ராளம்: எல்லாவற்றுக்கும் வெளியூரில் ஒரு நகல் இருக்க வேண்டும். கடைக்காரர் அதை எங்கிருந்து மோப்பம் பிடித்தாரோ, முதல் நாளே "சார், ஓக்கி மாதிரி இன்னொண்ணு வந்தா என்ன செய்வீங்க?" என்றுதான் ஆரம்பித்தார்.

அப்புறம் சட்டம். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றார். அது உண்மை. கம்பெனிச் சட்ட விதிகளில் 2022-ல் திருத்தம் வந்துவிட்டது, கணக்குகளைத் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அதுவும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும் என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் அது கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு. எங்களைப் போன்ற பார்ட்னர்ஷிப்புக்கு இல்லை. இதை எங்கள் ஆடிட்டர் சொன்னது பணம் போன பிறகு. பாதி உண்மை சொல்கிறவனை நம்பிவிடுவதுதான் மனித சுபாவம்.

கொட்டேஷனின் பின்பக்கத்தில் பேனாவால் 3-2-1 என்று எழுதிக் காட்டினார். மூன்று நகல், இரண்டு வகை சாதனம், ஒன்று வெளியூரில். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதி அது, குறை சொல்ல முடியாது. பிறகு தன் லேப்டாப்பை மாமா மேஜைமேல் வைத்து, எங்கள் பேக்கிங் லிஸ்ட் ஒன்றை அதில் காப்பி செய்து, எங்கள் கண் முன்னாலேயே அழித்தார். டெஸ்க்டாப்பில் இல்லை. பிரவுசரைத் திறந்து எங்கோ ஒரு பட்டனை அமுக்கினார். ஃபைல் திரும்ப வந்து உட்கார்ந்தது.

"மக்ளே, பாத்தியா? அழிச்சதையே திருப்பிக் கொண்டுவாறாரு!" என்றார் மாமா. அன்றைக்கே செக் எழுதியாயிற்று.

அவர் காட்டியது பேக்கப்பே இல்லை. சாதாரண ஆன்லைன் டிரைவ் ஒன்றின் குப்பைத்தொட்டியிலிருந்து ஃபைலை எடுத்துக் காட்டியிருக்கிறார். அதை நம் வீட்டில் பத்தாம் கிளாஸ் பிள்ளையே செய்யும்.

பில்லில் மூன்று வரிகள். இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி ₹58,000. "டேட்டா கிளாசிஃபிகேஷன்" ₹28,000. ஒரு வருஷத்துக்கு கிளவுட் பேக்கப்பும் ஆர்க்கைவும் ₹72,000. மேலே 18 சதவீத வரி. கூட்டினால் அதே ₹1,86,440.

அந்த 28,000 ரூபாய் கிளாசிஃபிகேஷனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு பையன் வந்து இரண்டு நாள் ஏசியில் உட்கார்ந்து மூன்று ஃபோல்டர் போட்டுவிட்டுப் போனான். "இம்பார்டன்ட்", "வெரி இம்பார்டன்ட்", "அதர்ஸ்". எந்த ஃபைலை எத்தனை வருஷம் வைக்க வேண்டும், யார் பார்க்கலாம், எது போனால் மறுநாள் வேலை நிற்கும் என்று ஒரு கேள்வி எங்களிடம் கேட்கவில்லை. தரவை வகைப்படுத்துவது என்றால் இந்த மூன்று கேள்விகள்தானே? தொழிலாளர்களின் ஆதார் நகல் முழுக்க "அதர்ஸ்"-இல் கிடந்தது. ஆபீஸ் காபி மெஷின் வாரன்டி கார்டு "வெரி இம்பார்டன்ட்"-இல்.

ஆர்க்கைவ் இன்னும் மோசம். பழைய வருஷங்களின் ஃபைல்களை சர்வரில் இருந்து எடுத்துப் பெட்டிக்கு மாற்றினார்கள். "சர்வர் இனி ஃபாஸ்டா ஓடும்" என்றார்கள், ஓடவும் செய்தது. ஆனால் அந்த ஃபைல்களுக்கு இனி வேறு நகலே இல்லை என்பதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. பெட்டியில் இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்றால், ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும், அவ்வளவுதான். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காப்பாற்றும். ஃபைலே கெட்டால் இரண்டிலும் சேர்ந்து கெடும். அந்தப் பெட்டியை எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரு டிரைவாகத் திறந்தும் வைத்திருந்தார்கள். பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் தொங்கவிட்ட மாதிரி.

ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறந்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள், ஒவ்வொரு ஃபோல்டரிலும் டாலரில் பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கிற வைரஸ். அதே காலையில், வழக்கமான நேரத்துக்கு, "பேக்கப் சக்சஸ்ஃபுல்" மெயிலும் வந்தது. பூட்டிப்போன ஃபைல்களை அது ஒழுங்காக மேலே ஏற்றிவிட்டு வெற்றி என்று சொல்லியிருக்கிறது!

கடைக்குப் போன் அடித்தேன். "அக்கா, பயப்படாதீங்க. கிளவுட்ல எல்லாம் சேஃபா இருக்கு." சரி என்று மூச்சு விட்டேன். மறுநாள் அந்தப் பையன் வந்து முதல் வேலையாக சர்வரை ஃபார்மேட் அடித்தான். "வைரஸ் போயாச்சு அக்கா." எப்படி உள்ளே வந்தார்கள் என்று பார்ப்பதற்கு இருந்த தடயமும் அதோடு போயாயிற்று. "போலீஸ், கீலீஸ் எல்லாம் வேண்டாம், பேர் கெட்டுப்போகும்" என்று உரிமையாளர் தனியாக மாமாவுக்குப் போன் போட்டு அறிவுரை வேறு. யாருடைய பேர் என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலிலேயே உத்தரவு இருக்கிறது. டேட்டா மேனேஜ்மென்ட் என்று போர்டு போட்டவருக்கு அது தெரியாதாம்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. டெக்னிக்கல் டீம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது, டிக்கெட் போட்டாயிற்று. பையனுக்கு வீட்டில் கல்யாணம். ரெஸ்டோர் ஓடிக்கொண்டிருக்கிறது, 60 சதவீதம் ஆயிற்று. அடுத்த வாரம் கேட்டால் 40 சதவீதம் ஆயிற்று. ஏன் குறைந்தது என்று கேட்டால், "அது வேற 40 அக்கா."

வேற 40!

இன்னொரு நாள் "டீப் ஆர்க்கைவ்ல இருந்து எடுக்கணும், அதுக்கு டைம் ஆகும்" என்றார்கள். அப்போதுதான் நானே தேடிப் படித்தேன். விலை குறைந்த ஆர்க்கைவ் சேமிப்பில் இருந்து எடுக்க நேரம் ஆவது நிஜம். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் சாதாரணமாக 12 மணி நேரத்துக்குள், மிக மலிவான முறையில் கேட்டால் 48 மணி நேரத்துக்குள் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். மணி நேரம். வாரம் இல்லை.

கடைக்கே போனோம். டீ வரவழைத்தார். "பாத்துக்கிடலாம் சார், நம்ம பிள்ளைங்கதானே." மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த கிளவுட் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடு. அது "கம்பெனி பாலிசி"யாம். எங்கள் ஃபைல், எங்கள் பைசா, பாஸ்வேர்டு மட்டும் அவர் பாலிசி.

கடைசியில் வக்கீலை விட்டுப் பேசிய பிறகுதான் கணக்கைத் திறந்து காட்டினார்கள். கடைக்காரரின் சொந்த மெயிலில் தொடங்கிய சாதாரண டிரைவ் கணக்கு. உள்ளே எல்லாமே பூட்டிப்போன ஃபைல்கள். கூட வந்த, எங்களுக்குத் தெரிந்த தக்கலைக்காரர் ஒருவர் இந்த வேலையில் இருப்பவர். ஒரு ஃபைலின் பழைய வடிவங்களைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த வகை டிரைவ் ஒரு ஃபைல் மாறினால் அதன் பழைய வடிவத்தை 30 நாள் வைத்திருக்குமாம். அந்தத் திங்கட்கிழமையே, இல்லை அந்த வாரத்திலேயே திறந்திருந்தால், டிரைவில் இருந்தவற்றைப் பழையபடி எடுத்திருக்கலாம். நாங்கள் திறந்தபோது அந்த 30 நாள் தாண்டிவிட்டிருந்தது.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திருடன் எங்கோ இருக்கிறான், அவன் வேலை அது. 60 சதவீதம், 40 சதவீதம் என்று கதை சொல்லிக் கடத்திய நாட்களில்தான் மிச்சம் இருந்ததும் போனது.

திருடன் உள்ளே வந்த வழியையும் ரவுட்டரைப் பார்த்து அந்தத் தக்கலைக்காரரே சொன்னார். நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் வரை வந்து போக மடி பிடித்து, கடைக்காரர்கள் உட்கார்ந்த இடத்தில் இருந்தே வேலை பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்கு அப்படியே திறந்து விட்டிருக்கிறார்கள். அவர்கள் வைத்த பாஸ்வேர்டு எங்கள் நிறுவனப் பெயரும் 123-உம்.

தப்பித்தது கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டாலியில் இருந்தவை மட்டும். எங்கள் கணக்கு அக்கா சனிக்கிழமைதோறும் சாயங்காலம் தன் பென்டிரைவில் டாலி பேக்கப் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். "இன்னும் பென்டிரைவா அக்கா?" என்று அந்தக் கடைக்காரர் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் சிரித்ததற்காக அக்கா நிறுத்தவில்லை.

மற்றதெல்லாம் போயிற்று. W320 என்ற தரத்து முந்திரிப் பருப்பு லாட் ஒன்றில் ஈரப்பதம் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தது என்று ஒரு பையர் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். இல்லை என்று காட்டும் லேப் ரிப்போர்ட் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. லேபில் மறுபடி கேட்டு அலைகிறோம். தோல் உரிக்கும் பிரிவில் இருந்து நின்றுபோன ஒரு அம்மா, பிஎஃப் பதிவில் பெயர் தப்பாக இருக்கிறது, பழைய சம்பளப் பதிவு வேண்டும் என்று வாசலில் வந்து நிற்கிறார். அவரிடம் கிளவுட், ஆர்க்கைவ் என்று எதைச் சொல்ல?

இவ்வளவுக்கும் பிறகு போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. அடுத்த வருஷத்துக்கான ரினியூவல், ₹42,000, வரி தனி. மாமா அதைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது. "சவம்" என்பது மட்டும் எழுதக்கூடிய வார்த்தை.

₹1,86,440-ஐத் திருப்பிக் கேட்டதற்கு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள். பொடி எழுத்தில் "டேட்டா இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல". டேட்டா இழக்காமல் இருக்கத்தானே காசு? நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்றால், தொழிலுக்காக வாங்கிய சேவை என்பதால் 2019 சட்டப்படி இழுபறிதான் என்கிறார் வக்கீல். சிவில் வழியில் நோட்டீஸ் போயிருக்கிறது. சைபர் கிரைமிலும் புகார் கொடுத்தாயிற்று.

விரிவாக வழிமுறை எழுத நினைத்தேன், ஆடிட்டர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அவசரமாக இவ்வளவுதான்: கிளவுட் கணக்கு உங்கள் மெயிலில், பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மெயிலை நம்பாதீர்கள், மூன்று வருஷம் முந்தைய ஏதோ ஒரு ஃபைலை நீங்கள் சொல்லி, வேறு கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு நகலாவது ஒயர் பிடுங்கி அலமாரியில் இருக்கட்டும். பூட்டிக்கொண்டால் நெட்டைத் துண்டியுங்கள், யாரையும் ஃபார்மேட் அடிக்க விடாதீர்கள், பூட்டிய ஃபைலையும் வீச வேண்டாம். நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் சில வகைகளுக்கு இலவசமாகத் திறவுகோல் கிடைக்கிறது, எங்கள் வகைக்கு இன்னும் இல்லை. சைபர் புகாருக்கு எண் 1930.

இப்போது இதை எழுதக் காரணம், அதே ஆள் திங்கள்நகர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நோயாளிகளின் ரெக்கார்டு முழுக்க அவர் கைக்குப் போகும். அங்கே யாருக்காவது தெரிந்தவர்கள் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், கடையின் பெயரை அங்கே சொல்கிறேன்.