டர்க்கி டவலா, ஈரிழைத் துண்டா: அலமாரியைக் கொட்டிக் கவிழ்த்த கதை

போன நவம்பரில் நான்கு நாள் அடைமழை விட்ட மறுநாள், குளியலறைக்கு வெளியே இருக்கும் கப்போர்டைத் திறந்தேன். மக்கிய வாடை முகத்தில் அடித்தது. மேலே இருந்த நீல டர்க்கி டவலை இழுத்தால் கைக்குச் சில்லென்று இருந்தது. மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள். பூஞ்சை. இரண்டு நாள் கொடியில் கிடந்து, காய்ந்துவிட்டது என்று நானே தொட்டுப் பார்த்து மடித்து வைத்த டவல் அது.

உள்ளே இருந்த அத்தனையையும் கட்டிலில் கொட்டி எண்ணினேன். வீட்டில் நாங்கள் நான்கு பேர்: நான், வீட்டுக்காரர், மகள், அத்தை. டர்க்கி டவல் 14. படுக்கை விரிப்பு 17, அதில் மாறி மாறிப் போடுவது ஆறோ ஏழோதான். ஆறு தலையணைக்கு 23 உறை. இவ்வளவு இருந்தும் மழைக்காலத்தில் "துண்டு எங்கே, துண்டு எங்கே" என்று காலையில் ஒரு கூச்சல் தினமும் உண்டு. ஏன் என்று யோசிக்கப் போய்த்தான் இந்த டர்க்கியா ஈரிழையா என்ற கேள்விக்கு வந்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஈரிழைப் பக்கம் சாய்ந்தவள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று தாண்டிவிடலாம். டர்க்கி மெத்தென்று இருக்கும், பார்க்கப் பணக்காரத்தனம். ஈரிழை மெல்லிசு, பார்க்க எளிமை. நான் வாங்கிய விலையில் ஒரு நல்ல டர்க்கிக்கு நான்கு ஈரிழை வந்தது. விலைக்காக மட்டும் நான் மாறவில்லை. மாற வைத்தது காய்கிற நேரம்.

டர்க்கியில் மூன்று வகை நூல் ஓடுகிறது. தரையாக ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அதன் மேல் வளையம் வளையமாக எழும்ப இன்னொரு பாவு, குறுக்கே ஊடை. அந்த வளையங்கள்தான் தண்ணீரை அள்ளிக் குடிக்கின்றன. குடித்ததைச் சீக்கிரம் விடாததும் அதே வளையங்கள்தான். ஈரிழையில் வளையமே கிடையாது. இரண்டிரண்டு இழையாகச் சேர்த்து நெய்த தட்டைத் துணி. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும்.

சமையலறைத் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். ஒரே அளவு, 75-க்கு 150 சென்டிமீட்டர். டர்க்கி 570 கிராம், ஈரிழை 210. மெஷினில் துவைத்துப் பிழிந்து எடுத்த கையோடு திரும்ப நிறுத்தினால் டர்க்கி கிட்டத்தட்ட ஒரு கிலோ, ஈரிழை 350. அதாவது டர்க்கி ஒன்றிலிருந்து 400 கிராம் தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும், ஈரிழையிலிருந்து 140 போனால் போதும். மொட்டை மாடியில் மே மாத வெயில் என்றால் இரண்டுமே மத்தியானத்துக்குள் மொறுமொறு. எங்களுடையது குரோம்பேட்டையில் இரண்டாவது மாடி, வடக்குப் பார்த்த பால்கனி. ஐப்பசி கார்த்திகையில் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும்போது அந்த 400 கிராம் எங்கே போகும்? ஈரிழை அப்படிப்பட்ட நாளிலும் மின்விசிறிக்கு அடியில் ஒரு ராத்திரியில் காய்கிறது. டர்க்கி இரண்டு நாள், சில சமயம் மூன்று.

இன்னொன்று, நான் ஏமாந்த இடம். டவலின் நடுவில் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று நினைப்போம். ஓரத்தில் மடித்துத் தைத்திருக்கிறார்களே, அந்தப் பட்டை கடைசியில்தான் காயும். அங்கே விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். என் நீல டவலில் புள்ளி தொடங்கியதும் அந்த ஓரத்திலிருந்துதான்.

இப்போது அலமாரிக் கணக்குக்கு வருகிறேன். ஓர் ஆளுக்கு உடம்பில் ஒரு துண்டு, கொடியில் ஒன்று, அலமாரியில் ஒன்று. ஒரே நாளில் காய்கிற துணி என்றால் மூன்று போதும். இரண்டு மூன்று நாள் கொடியில் தொங்கும் துணி என்றால் நாலைந்து வேண்டும். நான்கு பேருக்கு ஒரு பக்கம் 12, மறுபக்கம் 16 முதல் 20. அந்த இருபதும் ஒவ்வொன்றும் மூன்று மடங்கு கனம். என் அலமாரித் தட்டின் உயரம் 13 அங்குலம். டர்க்கியை நாலாக மடித்து அடுக்கினால் ஆறுக்கு மேல் ஏறவில்லை, ஏழாவதைத் திணித்தால் கதவு முட்டுகிறது. ஈரிழை பன்னிரண்டும் ஒரே அடுக்கில் நின்று, மேலே கை விட இடமும் இருக்கிறது. இடம் போதவில்லை என்று கூடை, டப்பா, இழுப்பறை என்று நான் வாங்கிக் குவித்ததெல்லாம் வீண். அலமாரி சின்னதாக இருக்கவில்லை, துணி காயாமல் இருந்தது.

கோபியில் இருக்கும் அம்மாவிடம் போனில் இந்தக் கணக்கைப் பெருமையாகச் சொன்னேன். "காயாத துணியை எத்தனை அடுக்குனா என்ன கண்ணு, அது ஈரத்தை அடுக்குன மாதிரிதானே" என்றார். அவர் வீட்டில் டர்க்கி நுழைந்ததே இல்லை. துண்டு வேண்டுமென்றால் ஈரோட்டு ஜவுளிச் சந்தை, திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை நடப்பது. நானும் அங்கேதான் அம்மாவோடு போய் ஒரு டஜன் வாங்கினேன். கைத்தறிதான் வேண்டும் என்று பார்ப்பவர்கள் 2006-இல் வந்த கைத்தறி முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம், இல்லாவிட்டால் கோ-ஆப்டெக்ஸ். நான் வாங்கியதில் பாதி விசைத்தறி என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். காய்வதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தொடும்போது கைத்தறி கொஞ்சம் இளகின மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஈரிழையில் குறை இல்லாமல் இல்லை. புதுசில் தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது, உடம்பில் வழுக்கிக்கொண்டு போகும். நெய்யும்போது பாவில் ஏற்றிய கஞ்சி போகும்வரை அப்படித்தான். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நான்கைந்து தடவை துவைத்த பிறகுதான் அது துவட்டுகிற துண்டாகிறது. முதல் வாரமே "இதுல துவட்டினா துவட்டின மாதிரியே இல்லம்மா" என்று மகள் தூக்கிப் போட்டாள். சிவப்புக் கரை போட்டதைத் தனியாகத் துவைக்காமல் விட்டதில் என் வெள்ளைத் தலையணை உறை இரண்டு ரோஸ் கலராகிவிட்டது. அப்புறம் எந்தத் துண்டுக்கும், முக்கியமாக டர்க்கிக்கு, வாசனைக்காக ஊற்றும் துணி மென்மையாக்கி வேண்டாம். அது இழை மேல் மெழுகுபோல் படிந்து உறிஞ்சுகிற குணத்தையே கெடுக்கும்.

டர்க்கி ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு, அது முடி. இடுப்புவரை முடி இருக்கும் பெண்ணுக்கு எண்ணெய்க் குளியலன்று ஓர் ஈரிழை போதாது, இரண்டு வேண்டும். மார்கழிக் காலையில் சுற்றிக்கொள்ளவும் டர்க்கிதான் சுகம். வேண்டுமென்றால் 350, 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) என்று போட்டிருக்கும் மெல்லிய ரகமாக ஒன்றிரண்டு வாங்கலாம். 600-க்கு மேல் போனால் அது ஓட்டலுக்கும் துணி உலர்த்தும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும்தான். அந்த மெஷினை நான் உபயோகித்ததில்லை, அது இருக்கிற வீட்டில் என் கணக்கு மொத்தமாகக் கவிழலாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களும் என்னை அப்படியே நம்ப வேண்டாம். அத்தைக்கு மட்டும் முதல் நாளே ஈரிழை பிடித்துவிட்டது. மூட்டுவலிக் கையால் அவரே பிழிந்து உதற முடிகிறது.

படுக்கை விரிப்பில் இதே அளவுகோலை வைத்தால் எனக்கே சங்கடம். காய்கிற நேரம்தான் முக்கியம் என்றால் பாலியஸ்டர் கலந்தது முதல் பரிசு வாங்கும், இஸ்திரியும் வேண்டாம். ஆனால் சித்திரையில் கரண்ட் போன ராத்திரி அதன் மேல் படுத்தால் முதுகு பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ஆகவே தினப்படிக்குச் சென்னிமலை, கரூர் பருத்தி விரிப்பு. விருந்தாளி திடீரென்று வந்தால் போட, கலப்புத் துணியில் இரண்டு. கட்டிலுக்கு இரண்டு விரிப்பு, தலையணைக்கு இரண்டு உறை, மழைக்கு மூன்றாவது. மீதியைக் கொடுத்துவிட்டேன். வாங்கும்போது அளவில் ஏமாறாதீர்கள். 'டபுள்' என்று விற்கும் 90-க்கு 108 அங்குல விரிப்பு ஆறடி அகலக் கட்டிலுக்குக் கணக்காகத்தான் இருக்கும். மெத்தை எட்டு அங்குலக் கனம் என்றால் மேல் அகலம் 72, இரண்டு பக்கமும் இறங்க 16, மொத்தம் 88. அடியில் செருக மிஞ்சுவது பக்கத்துக்கு ஓர் அங்குலம். ராத்திரி ஒரு தடவை புரண்டால் உருவிக்கொண்டு வரும். அந்த மெத்தைக்கு 108-க்கு 108 தான் சரி. பவானி ஜமக்காளத்தை இந்த அலமாரிக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சுருட்டிப் பரணில் போட்டாயிற்று, அதைத் துவைப்பதெல்லாம் மே மாதத்தில் மட்டும்.

அடுக்குவதில் இரண்டு முறை முயன்றேன். விரிப்பையும் உறைகளையும் செட்டாகச் சேர்த்து ஒரு தலையணை உறைக்குள் போட்டு வைப்பது ஒன்று. பார்க்க அழகுதான், ஆனால் காற்றுப் புகாத மூட்டை. அடியில் இருந்த மூட்டையில் ஒரு மாதத்தில் வாடை வந்துவிட்டது. இப்போது வகை வகையாக அடுக்குகிறேன். துவைத்து வந்தது அடியில், எடுப்பது மேலிருந்து. இல்லாவிட்டால் மேலே இருக்கும் இரண்டே துண்டு உழைத்துத் தேய, அடியில் இருப்பது புதுசாகவே மஞ்சள் பூக்கும். எந்த விரிப்பு எந்தக் கட்டிலுக்கு என்று பிரித்துப் பார்க்காமல் தெரிய, ஒரு மூலையில் கலர் நூலால் இரண்டு தையல்: சிவப்பு பெரிய கட்டில், பச்சை மகளுடையது. சலவைக்குப் போட்டால் குறி போட்டு வருமே, அந்த யோசனைதான். அலமாரியையும் மாற்றினேன். பழையது குளியலறைச் சுவரை ஒட்டியது, மழைக்கு அந்தச் சுவரே வியர்க்கும். புதியது இப்போது உள்அறையில், பின்பக்கம் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிற்கிறது. இரும்பு பீரோவா மரமா என்றால், கரையான் பயம் இருக்கிற தரைத்தள வீட்டில் பீரோ நல்லது. பெயின்ட் உரிந்த பீரோ வேண்டாம், துரு ஏறின விரிப்பை எலுமிச்சையும் உப்பும் போட்டு வெயிலில் காய வைத்து மீட்பது பெரும்பாடு.

இதில் பாச்சை உருண்டையைத் தூக்கிப் போட்டதுதான் அத்தைக்குப் பொறுக்கவில்லை. அந்துப்பூச்சி தேடித் தின்பது கம்பளியையும் பட்டையும், வெறும் பருத்தியை அல்ல. பருத்திக்கு எதிரி ராமபாணப் பூச்சி, அதுவும் கஞ்சி இருந்தால்தான் விருந்துக்கு வரும். அதனால் கஞ்சி போட்ட எதையும் நாள்கணக்கில் அடுக்கி வைப்பதில்லை, எடுத்துக் கட்டுகிற அன்று போட்டால் போதும். உருண்டை வைத்த துணியைக் கைக்குழந்தைக்குப் போர்த்துவது ஆபத்தும்கூட. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுவிடலாம். இதைச் சொன்னதும் அத்தை ஒன்றும் பேசவில்லை, மறுநாள் நாலு துண்டு வசம்பைக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். பூச்சி அதனால் வரவில்லையா, துணி காய்ந்திருப்பதால் வரவில்லையா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இருக்கட்டும்.

14 டர்க்கியில் புள்ளி விழுந்தவை மூன்று கால்மிதியாயின. நல்லவற்றில் எட்டை வேலைக்கு வரும் அக்கா எடுத்துக்கொண்டார், அவர் வீட்டுக்கு மொட்டை மாடி இருக்கிறது. முடிக்கென்று மகள் ஒன்றை வைத்துக்கொண்டாள். மிச்சம் இரண்டையும் வீட்டுக்காரர் விடமாட்டேன் என்கிறார். பீரோவில் தன் சட்டைகளுக்கு அடியில் தனியாக மடித்து வைத்திருக்கிறார். இன்னொரு நவம்பர் வரட்டும் என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை.